தண்டையார்பேட்டைச் சந்தையில் மிளகாய்க்கென்றே ஒரு கடை

சென்னையில் காய்கறி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பச்சை மிளகாயைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, கத்தரிக்காயைப் புரட்டிப் பூச்சித்துளை தேடி, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கியவர்கள்கூட, மிளகாய் என்று வரும்போது "அப்படியே பத்து ரூபாய்க்குப் போடுங்க" என்று பையை நீட்டிவிடுகிறார்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு கொசுறாகவே பையில் விழுந்து பழகிய பொருள் என்பதால், அதற்கும் தரம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வருவதில்லை. ஆனால் ஒரு வாரம் நான்கு மிளகாயில் அளவாக உறைத்த தேங்காய்ச் சட்னி அடுத்த வாரம் அதே நான்கில் சப்பென்று இருப்பதையும், இன்னொரு வாரம் பிள்ளைகள் வாயில் வைக்க முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவதையும் சமைக்கிறவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். இதற்குச் சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வது நியாயமன்று. கடைக்காரர் பல வகையையும் கலந்து விற்கிறார், நாம் பாராமல் வாங்குகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தைத் தெரு ஒன்றில், மிளகாயை வகை பிரித்து விற்கும் ஒரு தரைக்கடை இருக்கிறது. விரித்த தார்ப்பாய், அதன்மேல் வாய் மடித்த சாக்குகள், ஒரு மின்னணுத் தராசு, வெயிலுக்கு ஒரு பெரிய குடை, இவ்வளவுதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிறவரை அக்கம்பக்கத்தார் மிளகாய்க்கார அக்கா என்று சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவையும் அவரிடம் இருக்கும் என்றாலும், அவை மிளகாய்க்குத் துணையாக வந்தவை. பல ஆண்டுகளாக இங்கே வாங்கிச் சமைத்தவள் என்ற முறையில், வட சென்னையில் பச்சை மிளகாய் வாங்குவதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்லத் தயங்க மாட்டேன். அதே சமயம், இந்தக் கடையிலும் குறைகள் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

விடியற்காலையில் கோயம்பேடு மொத்தச் சந்தையிலிருந்து வந்து இறங்கும் மூட்டையை அவர் அப்படியே பிரித்து விற்பதில்லை. மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் பரப்பி, முதலில் ஈரம் பட்டவற்றையும் காம்பு கறுத்தவற்றையும் ஒதுக்குகிறார். பிறகு காய்களை இரண்டு கையாலும் அளைந்துகொண்டே, கட்டைவிரலால் ஒவ்வொன்றின் தோள்பகுதியையும் ஒரு தடவு தடவி, இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளிக்கொண்டே போகிறார். கரும்பச்சையில் ஒல்லியாக, விரல் நீளத்துக்கும் குறைவாக இருப்பவை ஒரு சாக்குக்குப் போகின்றன. வெளிர்பச்சையில் நீண்டு, லேசாக வளைந்து இருப்பவை இன்னொன்றுக்கு. பாதி பச்சையும் பாதி சிவப்புமாக நிறம் திரும்பியவை ஒரு தட்டில். தடித்த பஜ்ஜி மிளகாய்க்குத் தனிக் கூடை. இத்தனைக்கும் அவற்றின் ரகப் பெயர்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. பெரியகுளம், கோவில்பட்டி, பாலூர் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ரகங்களும், ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் ஒட்டுரகங்களும் மூட்டைகளில் கலந்து வருகின்றன. அவருடைய கை அவற்றைக் காரத்தைக் கொண்டு பிரிக்கிறது.

வாங்கப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு வேண்டும் என்பதாக இருக்காது. "இன்னா செய்யப் போறம்மா?" என்றுதான் கேட்பார். சட்னி என்றால் ஒரு சாக்கைக் காட்டுவார். மீன் குழம்பு என்றால் வேறொன்று. ஒருமுறை கரும்பச்சைக் குவியலில் கை வைத்தபோது, "அது பாக்கத்தான் சின்னது. கொயந்த சாப்பிடற வூட்டுக்கு அது வாணாம்மா" என்று சொல்லி நீட்டு மிளகாயை எடுத்துத் தந்தார். கரும்பச்சையின் விலைதான் அன்றைக்குக் கூடுதல். அதைத் தள்ளிவிட்டுக் காசு பார்க்க அவர் நினைக்கவில்லை. பண்டத்தை விற்பதற்கு முன்னால் அது எந்த அடுப்புக்குப் போகிறது என்று விசாரிக்கிற கடைக்காரர்கள் இப்போது அரிது.

அவருடைய பிரிப்பு ஏன் சரியாக இருக்கிறது என்பதை விளக்க மிளகாயின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரம் விதையில் இருக்கிறது என்று நம் வீடுகளில் பரவலாக நம்புகிறோம். காரத்தைத் தரும் கேப்சைசின் உண்மையில் உருவாவது காயின் நடுவே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில். விதைகள் அதை ஒட்டியே இருப்பதால் அவற்றின் மேலும் காரம் படிகிறது. சிறிய ஒல்லிக் காயில் சதை குறைவு, நரம்பின் பங்கு அதிகம். ஆகவே அது பெரும்பாலும் சுரீரென்று உறைக்கும். தடித்த பஜ்ஜி மிளகாயில் சதைதான் மிகுதி, அதனால் மாவில் தோய்த்துப் பொரித்து முழுசாகவே தின்ன முடிகிறது. தண்ணீர் குறைந்த நிலத்தில், கடும் வெயிலில் காய்த்த மிளகாய் கூடுதலாக உறைப்பதும், மழையில் குடித்து வளர்ந்தது சாதுவாக இருப்பதும் பெரும்பாலும் நடப்பதே. ஒரே ரகம், ஒரே சந்தை, ஒரே கடை என்றாலும் சித்திரையில் வாங்கிய நான்கும் கார்த்திகையில் வாங்கிய நான்கும் சட்னியில் ஒன்றுபோல இருக்காது. காரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் விதையை மட்டும் தட்டிவிட்டால் போதாது. காயை நீளவாக்கில் பிளந்து, அந்த வெள்ளை நரம்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மணம் அப்படியே இருக்கும், உறைப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் காம்பைப் பார்க்கிறேன். காம்பும் அதன் அடியில் தொப்பிபோல மூடியிருக்கும் பச்சைப் பகுதியும் விறைப்பாக, ஒரே பச்சையாக இருந்தால் காய் பறித்து அதிக நாள் ஆகவில்லை. காம்பு சுருங்கிப் பழுப்பேறியிருந்தால் தோல் எவ்வளவு பளபளத்தாலும் எடுக்க வேண்டாம். காம்பின் அடியில் கறுப்பு வட்டம் இருந்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், பிளந்து பார்த்தால் விதைகள் பழுப்பாகிக் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். தோளிலோ நடுவிலோ ஊசி குத்தியது போன்ற துளை இருந்தால் புழு. வளைத்தால் நல்ல காய் பட்டென்று ஒடியும், ஒடிந்த இடத்திலிருந்து பச்சை மணம் மூக்கில் ஏறும். அந்த மணம் எழாத மிளகாய் எவ்வளவு உறைத்தாலும் சட்னிக்கு உதவாது. அக்காவின் கடையில் ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்க்க அனுமதி உண்டு; அவரே ஒடித்துக் காட்டுவதும் உண்டு.

பல்பொருள் அங்காடிகளில் இந்தச் சோதனைகளில் எதற்கும் வழியில்லை. எங்கள் பகுதியில் உள்ள ஒன்றில் நெகிழித்தாள் சுற்றிய தட்டுகளில், காம்பு கிள்ளிய மிளகாயை வைக்கிறார்கள். குளிர்ப்பெட்டியில் இருந்து வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்கிறது. மேலே இருப்பவை பார்வைக்கு அழகாக இருக்கும். வீட்டில் பிரித்தால் அடியில் நான்கைந்து கொழகொழத்திருக்கும். செயலியில் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் வாசலில் வாங்கும் வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவசரத்துக்கு அது உதவுகிறது. ஆனால் அந்தப் பொட்டலத்தில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் முற்றியதும் பிஞ்சும் ஒன்றாகக் கிடக்கும். எந்தக் குழம்புக்கு எது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எடுத்துச் சமைத்த பிறகுதான் தெரியும்.

நேராகக் கோயம்பேடு போகலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 1996-இல் கோயம்பேட்டில் வணிக வளாகம் திறக்கப்பட்டு மொத்த வியாபாரம் அங்கே நகர்வதற்கு முன்பு, நகரத்தின் காய்கறி வந்து இறங்கியது ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில்தான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மொத்தச் சந்தை அப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கால் கிலோ மிளகாய்க்காக நகரின் மறுகோடிக்குப் போய் வருவது நடக்கிற காரியமன்று. அங்கே விற்பனையும் மூட்டைக் கணக்கில். ஆகவே நம் தெருவில் உட்கார்ந்து அந்த மூட்டையைப் பிரித்துத் தருகிறவரின் கைதான் நமக்குச் சந்தை. அந்தக் கை தேர்ந்ததா, இல்லையா என்பதே வட சென்னைச் சமையலறைகளில் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

இனி அடுப்புக்கு வருகிறேன்; கடையின் தரத்தைச் சட்டியில்தான் உரசிப் பார்க்க முடியும்.

அவர் கொடுக்கும் வெளிர்பச்சை நீட்டு மிளகாய் தொக்குக்கு அருமையானது. கால் கிலோ மிளகாயைக் காம்போடு கழுவி, துணியில் பரப்பி, ஈரம் முழுவதும் போன பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். கிள்ளிவிட்டுக் கழுவினால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும், தொக்கு நாள்படாது. நல்லெண்ணெய் நூறு மில்லிக்குக் குறையக் கூடாது. அதில் பாதியைக் காயவைத்து, மிளகாயை ஒவ்வொன்றும் ஒரு கீறல் கீறிப் போட்டு, தோலில் வெண்கொப்புளம் எழும்வரை நிதானமான தீயில் வதக்க வேண்டும். கீறாமல் போட்டால் உள்ளே அடைபட்ட நீராவி காயை வெடிக்கச் செய்யும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். வதங்கிய மிளகாயோடு பெரிய எலுமிச்சை அளவு புளி, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, மீதி எண்ணெயில் கடுகு வெடித்ததும் கொட்டிக் கிளற வேண்டும். எண்ணெய் ஓரம் கட்டிப் பிரிந்து வரும்போது ஒரு துண்டு வெல்லமும், வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும். அக்கா பிரித்துத் தந்த ஒரே வகை மிளகாயில் செய்த தொக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வதங்கி, ஒரே பதத்தில் அரைபடுகிறது. கலவைப் பொட்டலத்தில் செய்தால் பிஞ்சு கருகிவிடும், முற்றியது தோலாக நிற்கும். நிறமும் வேறுபடும்: நல்ல நீட்டு மிளகாயின் தொக்கு ஆலிவ் பச்சையில் மினுமினுக்கும், மற்றது சாம்பல் பூத்தாற்போல மங்கும். தயிர்சாதத்துக்கு இதைவிட வேறு துணை எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மீன் குழம்புக்கு அவர் தருவது வேறு. காசிமேட்டிலிருந்து வந்த சங்கராவோ நெத்திலியோ எதுவானாலும், குழம்பின் காரம் மிளகாய்த்தூளில் இருந்து வந்துவிடுகிறது. பச்சை மிளகாய்க்கு அங்கே வேலை மணம் தருவது. எனவே சற்றே முற்றிய, தோல் தடித்த, நடுத்தர உறைப்புள்ள காயைத்தான் எடுத்துத் தருகிறார். "நடுவுல ஒரு கீறு, அவ்ளோதான். ரெண்டா வெட்டிடாத" என்பது அவருடைய அறிவுரை. அதில் நியாயம் இருக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போதே நறுக்கிய பச்சை மிளகாயைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் காரம் முழுவதும் எண்ணெயோடு குழம்பெங்கும் பரவும். புளிக்கரைசல் கொதித்து அடங்கிய பிறகு, மாங்காய்த் துண்டோடு ஒரு கீறல் கீறிய காயை இறக்கினால் மணம் மட்டும் இறங்கி, உறைப்பு பெரும்பாலும் காய்க்குள்ளேயே இருக்கும். உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் எண்ணெயில் போடுவதும், ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் பின்னால் போடுவதும் நம் பாட்டிமார்கள் இதைக் கண்டுதான் வைத்த வழக்கமாக இருக்க வேண்டும்.

குழம்பின் காரத்தைச் சரிபார்ப்பது பற்றியும் ஒரு சொல். நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதமே மிளகாய்க் காரத்தையும் உணர்கிறது என்பதை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் 1997-இல் காட்டினார்கள். தொடுதலையும் சூட்டையும் உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2021-இன் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். வாய் எரிவதாக நாம் சொல்வதற்கு இதுவே காரணம். கொதிக்கும் குழம்பைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தால் இருக்கிற காரத்தைவிட அதிகமாகத் தோன்றுவதற்கும் இதுவே. ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. அதிகமாகிவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்னும் புரதம் கேப்சைசினைப் பிடித்து அகற்றுகிறது. ஒரு வாய்த் தயிர், எரிச்சல் அடங்கும்.

பஜ்ஜி மிளகாய்க் கூடையைப் பற்றிச் சொல்லும்போது சௌகார்பேட்டையை விட்டுவிட முடியாது. மின்ட் தெருப் பக்கம் மசித்த உருளைக்கிழங்கை வயிற்றில் அடைத்து, கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கும் மிர்ச்சி வடாவுக்கு நீளமும் பருமனும் ஒத்த காய்கள் வேண்டும். மார்வாடிக் குடும்பங்கள் இதே தடித்த மிளகாயைப் பிளந்து கடுகுப்பொடி, சோம்பு, எலுமிச்சைச் சாறு, கடுகெண்ணெய் கலந்து ஊறுகாயும் போடுகிறார்கள். நான் பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டு இப்போது வீட்டில் தவறாமல் செய்கிறேன், சப்பாத்திக்கு மிகவும் பொருந்துகிறது. அக்கா அந்தக் கூடையில் நேரான காய்களை ஒரு பக்கமும் வளைந்தவற்றை மறு பக்கமும் அடுக்குகிறார். நேரானவை வயிறு பிளந்து அடைப்பதற்கு, வளைந்தவை வட்டமாக நறுக்கிப் பொரியலுக்கும் ஊறுகாய்க்கும். வளைந்தவற்றுக்கு விலை கொஞ்சம் குறைவு. ஊறுகாய் போடுகிறவர்கள் அதை வாங்கினால் போதும், ருசியில் எந்தக் குறையும் இல்லை.

அந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது தை, மாசி மாதங்களில் கிடைக்கும் மிளகாய்ப் பழம். செடியிலேயே பழுத்துச் சிவந்து, காயாமல் சதைப்பற்றோடு இருக்கும் இதை மற்ற கடைகளில் பழுத்துப்போனது என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அல்லது பச்சையோடு கலந்து தள்ளிவிடுகிறார்கள். வட சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் இதற்காகவே வந்து கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். உப்பு, புளி, வெந்தயப்பொடி சேர்த்து உரலில் இடித்து ஜாடியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொஞ்சம் எடுத்துப் பூண்டு தட்டித் தாளித்து, சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிடுகிற பச்சடி அது. பச்சையில் இருக்கும் புல் மணம் பழத்தில் இல்லை. அதற்குப் பதில் ஓர் இனிப்பும் கனிந்த வாசனையும் வருகின்றன. காய்ந்த மிளகாயில் அந்த இனிப்பு கிடைப்பதில்லை. ஜாடியில் பூஞ்சை வராமல் இருக்க வேண்டுமானால் பழத்தின் தோலில் ஒரு கீறலோ சுருக்கமோ இருக்கக் கூடாது. அக்கா இதை மட்டும் சாக்கில் போடாமல் மூங்கில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வைக்கிறார். பழம் நசுங்குவதில்லை. இந்த ஒரு பண்டத்துக்காகவே விம்கோ நகரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ வரலாம். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையம் வந்த பிறகு அது சிரமமும் அன்று.

மோர் மிளகாய்க்கு வேண்டிய குட்டைக் காய் சித்திரை, வைகாசியில் வருகிறது. அது எல்லாச் சந்தைகளிலும் கிடைப்பதுதான், இங்கே தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை.

வாங்கியதை வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. வாங்கும்போது காம்பு இருக்க வேண்டும், வைக்கும்போது இருக்கக் கூடாது. அழுகல் முதலில் காம்பில்தான் தொடங்குகிறது. கழுவாமல், காம்பை மட்டும் கிள்ளி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நல்ல மிளகாய் இரண்டு வாரம் தாங்கும். துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கால் கிலோ மிளகாயை ஒரே மூச்சில் கிள்ளுகிறவர்கள் முதலில் விரல்களில் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். பிறகு கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவுவது பயன்படாது. எண்ணெய் தேய்த்து, அதன் பிறகு சோப்புப் போட வேண்டும்.

விலையைப் பற்றி: மற்ற கடைகளைவிட நூறு கிராமுக்குச் சில ரூபாய்கள் கூடுதலாகத்தான் கேட்கிறார். கெட்டவற்றைக் கழித்துவிட்டு விற்பதால் அந்தக் கூடுதல் எனக்கு நியாயமாகவே படுகிறது. மலிவாக வாங்கிக் கால்வாசியைக் குப்பையில் போடுவதோடு கணக்குப் பார்த்தால் இதுதான் சிக்கனம். தராசு சரியாக இருக்கிறது, வீட்டில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். மிளகாயைக் கொசுறாகக் கேட்டால் தர மாட்டார், கறிவேப்பிலை தருவார். கைப்பேசியில் பணம் செலுத்தலாம்.

குறைகள் என்று சொன்னேன். விலைப்பலகை இல்லை, ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும். ஒரு சிலேட்டில் நான்கு வரி எழுதி வைத்தால் போதும். கோடையில் நண்பகல் நெருங்கும்போது சாக்குகளின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். வாடாமல் இருப்பதற்காகத்தான் என்றாலும், அந்த ஈரத்தோடு வாங்கிப் போனவை இரண்டு நாளில் வழுவழுக்கின்றன. கோடையில் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவதே நல்லது. மேலும், செய்தித்தாளில் சுற்றித் தருகிறார். 2019-இல் தமிழ்நாட்டில் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து பலரும் செய்வதுதான், ஆனால் அச்சு மை ஒட்டிய தாளில் உணவுப்பொருளைச் சுற்றுவது நல்லதன்று. நான் துணிப்பை கொண்டுபோகிறேன், வகைக்கு ஒன்றாகச் சிறிய பைகள். மற்றவர்களும் அப்படிச் செய்தால் அவருக்கும் தாள் வாங்கும் செலவு மிச்சம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், தார்ப்பாயைச் செங்கல்மேல் தூக்கிக் கட்டி வியாபாரம் நடக்கும். வரத்து குறைந்து விலை மளமளவென்று ஏறுவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் நனைந்த மூட்டைதான் வந்து சேர்கிறது, அக்கா எவ்வளவு கழித்தாலும் மிச்சத்தில் ஈரம் இருக்கும். அப்போது ஐம்பது கிராம், நூறு கிராமுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். இது அவருடைய வியாபாரத்துக்கு எதிரான பேச்சு, ஆனாலும் சொல்கிறார்.

ஊசி மிளகாய் மட்டும் இங்கே நம்பி வர முடியாது. மலையாளிகள் காந்தாரி என்று சொல்லும் அந்தச் சிறு காய் எப்போதாவது ஒரு கைப்பிடி வரும், வந்த வேகத்தில் போய்விடும். வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக்குச் சின்ன வெங்காயமும் உப்பும் தேங்காயெண்ணெயும் சேர்த்து நசுக்கும் சம்மந்தி என்ற கேரளத் துவையலுக்கு அதுதான் வேண்டும், வேறு எந்த மிளகாயும் அந்த இடத்தில் நிற்காது. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம், அதைத் தவறாமல் தருவிக்க அவர் முயலலாம்; வாங்குவதற்கு இந்தப் பகுதியில் ஆள் இருக்கிறது, முன்கூட்டியே பணம் கொடுத்து வைக்க நானும் தயாராக இருக்கிறேன்.